டிரில் வாத்தியாரின் தவக்காலம்

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து பங்குப் பேரவை கூடியிருந்தபோது, பிராங்க்ளின் ஒரு சிலுவையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். ஆளைவிட உயரமான சிலுவை. வைரம் பாய்ந்த பனைமரத்தின் கறுப்பு வரிகள் அதில் நெடுக ஓடின. அறையில் இருந்தவர்கள் பதறி நாற்காலிகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அவன் அதை மேசைமேல் வைத்தபோது சத்தமே எழவில்லை. அப்போதுதான் அது காகிதம் என்று எல்லோருக்கும் விளங்கியது.

பிராங்க்ளின் சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். வானத்தில் ஏறி வெடிக்கும் பெரிய உருப்படிகளுக்காக அங்கே தடித்த பழுப்புக் காகிதத்தைப் பசை தடவி, அடுக்கடுக்காகச் சுருட்டிக் குழாய் செய்வார்கள். காய்ந்த பிறகு அந்தக் குழாயைச் சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் துள்ளும். அப்படிப்பட்ட குழாய்களை இணைத்துச் சிலுவை செய்திருந்தான். காலண்டர் அச்சகத்தில் படம் வரையும் நண்பர் ஒருவர் மரவரிகளைத் தீட்டிக் கொடுத்திருந்தார். பேரவைச் செயலாளர் தேவாசீர்வாதம் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே மருந்து ஏதும் தங்கியிருக்காதே என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிராங்க்ளினின் மாமனார் சாலமன்ராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

புனித வெள்ளியன்று அந்தப் பங்கின் சிலுவைப்பாதை கோயிலிலிருந்து கிளம்பி, ஊருக்கு வெளியே இருக்கும் பாறைமேட்டில் முடியும். நிஜப் பனைமரத்தில் செய்த சிலுவையை, வழியில் நின்று செபிக்கும் பதினான்கு தலங்களில் தலத்துக்கு ஒரு தெருக்காரர்களாக மாற்றி மாற்றிச் சுமப்பார்கள். கடைசி ஏற்றத்தில் மட்டும் ஒரே ஆள் அதைத் தோளில் வைத்து, அடிக்கட்டை பாறையில் இழுபட, தனியாக ஏற வேண்டும். பல வருடங்களாக அந்த ஒரே ஆள் சாலமன்ராஜ்தான். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு இன்னமும் டிரில் வாத்தியார். வயது எழுபத்தொன்று. யாராவது கேட்டால், ரிட்டையர் ஆகிக் கொஞ்ச காலம் ஆச்சு என்பார்.

போன வருடம் ஏற்றத்தின் பாதியில் அவர் முழங்கால் ஆடியது. சிலுவை தோளிலிருந்து நழுவி விழுந்தது. கால் பெருவிரல் மயிரிழையில் தப்பியது. பிராங்க்ளினும் இன்னும் நாலு பேரும் ஓடிப்போய்த் தூக்கி, மிச்சத் தூரத்தை அவர்களே சுமந்து முடித்தார்கள். காகிதச் சிலுவை அந்தப் பெருவிரலுக்காகச் செய்யப்பட்டது. மாமா பழையபடி கௌரவமாக ஏறட்டும், எடை மட்டும் வேண்டாம் என்பது பிராங்க்ளினின் யோசனை. பாசத்தில் செய்ததுதான்.

சாலமன்ராஜ் எழுந்து சிலுவையைச் சுண்டுவிரலால் தூக்கிப் பார்த்தார்.

“ஆண்டவர் சொமந்தது அட்டைப்பெட்டியா மாப்ளே?”

கடைசியில் பங்குத்தந்தை ஒரு வழி சொன்னார். ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால் வரும் குருத்து ஞாயிறு, அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், தரையில் கிடக்கும் பனைச் சிலுவையை சார் தனியாகத் தூக்கித் தோளில் வைத்து, கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். வந்தால் புனித வெள்ளியன்று அவர்தான், பனைமரம்தான். வராவிட்டால் காகிதம். அவர் சொல்லி முடிக்குமுன்பே சாலமன்ராஜ் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் விடியும்போதே அவர் மொட்டைமாடியில் இருந்தார். இருபத்தைந்து வயதில் தனக்குத் தானே போட்டுக்கொண்ட அதே திட்டம்: பஸ்கி, தண்டால், மறுபடி பஸ்கி. இடைவெளி கிடையாது, விடுமுறை கிடையாது. உடம்பும் ஒரு வகுப்புதான், விசில் ஊதினால் வரிசையில் வந்து நிற்கும் என்பது அவர் பணிக்காலம் முழுக்க நம்பியது.

கூடவே தவக்காலமும் நடந்துகொண்டிருந்தது. நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பது அவர் அப்பா காலத்து வழக்கம். பகலில் ஒரு வேளைச் சோறு, காலையும் மாலையும் நீத்தண்ணி. கறி, மீன் கிடையாது. முட்டையையும் பாலையும் திருச்சபை விலக்கவில்லை. ஆனால் அப்பா விலக்கியிருந்தார். இந்த வருடம் சிலுவை கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சாலமன்ராஜ் ஒருசந்தியை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். பருப்பையும் நிறுத்திவிட்டு, சோற்றுக்கு வெறும் ரசம். இதை ஆண்டவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது அவர் கணக்கு. தொடைச் சதையும் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டிவந்தது. அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டார். மினி பஸ் படியில் ஏற முன்பு ஒரு கையால் கம்பியைப் பிடித்தவர், இப்போது இரண்டு கையாலும் பிடித்தார். அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வழி தெரியாததால், மினி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து போகத் தொடங்கினார். அவர் மனைவி செல்வமணி அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். படுக்கையில் கிடப்பவர்கள் எப்போது எழுந்திருப்பார்கள், எப்போது எழுந்திருக்க மாட்டார்கள் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடும் பழக்கம் அவளுக்கு உண்டு. அவள் மகளுக்குப் போன் போட்டாள்.

மகள் ரீனா விருதுநகரில் பிசியோதெரபிஸ்ட். பிராங்க்ளினின் மனைவி. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தவள், அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னாள். அவர் முன்னால் ஒரு ஆட்டம், பின்னால் ஒரு ஆட்டம் ஆடி, மூன்றாவது ஆட்டத்தில் எழுந்தார். இது அந்தக் காலத்து நாற்காலி, பள்ளம் ஜாஸ்தி என்றார். ரீனா அவர் தொடையை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

“இளவயசுச் சதை தனியார் பேங்க் மாதிரி-ப்பா. வாசல்ல கால வச்சாலே என்ன வேணும் சார்னு ஓடி வரும். எழுவது வயசுச் சதை தாலுகா ஆபீஸ். ஒரு மனுவுக்கு அசையாது. திரும்பத் திரும்பப் போகணும். போறப்ப வெறுங்கையோடயும் போகக் கூடாது.”

“லஞ்சம் குடுக்கச் சொல்லுதியா?”

“முட்டை குடுங்க.”

பிறகு அவள் விளக்கிச் சொன்னாள். சின்ன வயதில் ஒரு கரண்டிப் பருப்பு போதும், சதை அதை எடுத்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும். வயதாக ஆக அதற்குக் காது மந்தம். அதே ஒரு கரண்டிக்கு எழுந்திருக்காது. ஒவ்வொரு வேளையிலும் கூடுதலாகப் புரதம் போக வேண்டும். கனமான எடையைத் தூக்குவது அந்தக் காதைக் கொஞ்சம் திறக்கும். ஆனால் திறந்த நேரத்தில் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றால், உடம்பு தன் தொடையையே பிடுங்கித் தின்று கூலியைச் சரிக்கட்டும். அப்பா இத்தனை நாளாகச் செய்துகொண்டிருப்பது அதைத்தான். அப்புறம், வெறும் உடம்போடு தினமும் போடும் நூற்றுக்கணக்கான பஸ்கியால் மூச்சு வாங்கும், பலம் வராது. கனமாகத் தூக்க வேண்டும், கொஞ்ச தடவைதான் தூக்க வேண்டும், அடுத்த நாள் சும்மா இருக்க வேண்டும்.

சாலமன்ராஜுக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை. சும்மா இருக்கும் பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டுத்தான் அவர் சம்பளம் வாங்கியிருந்தார். ஆனால் அவர் மறுத்த காரணம் வேறு. ஒருசந்தியை முறித்துவிட்டுத்தான் சிலுவை தூக்க வேண்டுமென்றால் அதற்குக் காகிதச் சிலுவையே தேவலை என்றார். அதைச் சொல்லும்போது குரல் உயரவில்லை. ரீனா அம்மாவைப் பார்த்தாள். செல்வமணி கண்ணால், விட்டுப்பிடி என்றாள்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமையே விஷயம் வேறு மாதிரி முடிவுக்கு வந்தது.

தவக்காலத்து வெள்ளிதோறும் சாயங்காலம் கோயிலுக்குள் சிலுவைப்பாதைச் செபம் நடக்கும். சுவரில் பதினான்கு தலங்களின் படங்கள். ஒவ்வொரு தலத்திலும் முழந்தாளிட்டு ஒரு செபம், எழுந்து நின்று ஒரு தியானம், பிறகு அடுத்த தலம். சாலமன்ராஜ் காலையில் வழக்கம்போல மொட்டைமாடியில் பஸ்கி முடித்திருந்தார். ஆறு தலங்கள் வரை பெஞ்சின் முனையைப் பிடித்துச் சமாளித்தார். ஏழாம் தலத்தில் மண்டியிட்டார். செபம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அவருடைய தொடைகள் எழவில்லை. பெஞ்சைப் பிடிக்கக் கையை நீட்டினார், கைக்கும் தெம்பில்லை.

வேறு வழியின்றி அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைகளைக் குவித்து நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டார். எட்டாம் தலம் போனது. ஒன்பதாம் தலமும் போனது. அவர் அசையாமல் முழந்தாளில் இருந்தார். பக்கத்தில் நின்றிருந்த மறைக்கல்வி ஆசிரியை ஸ்வீட்டி அவரைப் பார்த்தாள். வயதான மனிதர், இத்தனை நேரம், சிமென்ட் தரையில். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்தாம் தலத்தில் அவளும் எழவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த பெண்கள் இரண்டு பேர் எழப்போய், தயங்கி, மறுபடி முழந்தாளில் அமர்ந்தார்கள். பன்னிரண்டாம் தலம் வரும்போது இடதுபக்கம் முழுதும் முழந்தாளில் இருந்தது. வாசிக்கும் பங்குத்தந்தையின் குரலே தழைந்து, உருக ஆரம்பித்தது. அந்தத் தவக்காலத்தில் அப்படியொரு பக்தியை அவர் அந்தப் பங்கில் கண்டதில்லை.

வலதுபக்க வரிசையிலிருந்து செல்வமணி மட்டும் கணவரின் காதுக்குப் பின்னால் வழியும் வேர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இறுதி ஆசீர் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவள் வந்து, அவரோடு சேர்ந்து செபிப்பவள்போலப் பக்கத்தில் குனிந்து, அக்குளில் கைகொடுத்து, ஆஸ்பத்திரி முறைப்படி ஒரே தூக்கில் நிறுத்தினாள்.

“எந்தத் தலத்துல மாட்டுனீக?”

“ஏழு” என்றார் அவர்.

வாசலில் ஸ்வீட்டி காத்திருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சாரைப் பார்த்துத்தான் எங்களுக்கெல்லாம் தவக்காலம் என்னவென்று புரிந்தது என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பஸ் படி ஏற முடியாமல் போவதை மறைக்கலாம். சாமி முன்னால் எழ முடியாமல் போனதைப் பக்தியென்று ஊர் கொண்டாடுவதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் செல்வமணி சொல்லி அனுப்பியதன் பேரில் பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்து, ஒருசந்திக் கடமை அறுபது வயது தொடங்கும்வரைதான், அதற்கு மேல் கிடையாது என்றார். கறி விலக்குவது எந்த வயதிலும் உண்டு. முட்டை, பால், பயறு இவற்றுக்கு யாருக்குமே தடை இல்லை.

சாலமன்ராஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார்.

“அப்ப இத்தனை வருசமா என்னையக் கெழவன்னு எழுதி வச்சிருக்கீகளா?”

“நான் எழுதல சார். திருச்சபை.”

அவர் போன பிறகும் சாலமன்ராஜ் நாற்காலியில் அப்படியே இருந்தார். ஒருசந்தி இருக்கத் தகுதியில்லாத ஆள் சிலுவை தூக்க எப்படித் தகுதி என்று சுவரிடம் கேட்டார். சுவருக்குப் பதிலாக, அடுப்படியிலிருந்து செல்வமணி பேசினாள்.

“கறிய விடுறதெல்லாம் உங்களுக்கு ஒரு தபசா? அதை நீங்க நெனைக்கக்கூட மாட்டீக. இன்னும் கொமரன்னு ஒரு நெனப்பு இருக்குல்ல, அதை விட்டுப் பாருங்க, ஈஸ்டர் வரைக்கும்.”

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் தட்டில் இரண்டு அவித்த முட்டைகளை வைத்தபோது, அவற்றைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, உப்பு எங்கே என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் காலைதோறும் கறுப்பு உளுந்து வறுபடும் மணம் எழுந்தது. உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டி சேர்த்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினாள் செல்வமணி. கூட நாட்டுக்கோழி முட்டை. பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால், மத்தியானம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் அவித்த கொண்டைக்கடலை. உளுந்தும் நல்லெண்ணெயும் நாட்டுமுட்டையும் ஒரு வீட்டுக்குள் ஒரு வாரம் தொடர்ந்து போனால், அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: அந்த வீட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்திருக்கிறாள்.

எதிர்வீட்டு ஆவுடைத்தாய் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். சொல்லிவிடவில்லையே என்ற வருத்தம் ஒரு பக்கம் இருந்தாலும், முறையை விடக் கூடாது என்று ஒரு தட்டில் கருப்பட்டியும் தேங்காயும் ஒரு டஜன் கண்ணாடி வளையலும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். யார் பிள்ளை, ஊரிலிருந்து வந்திருக்கிறதா, எங்கே உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே உள்ளறை வரை போய்விட்டாள். அங்கே சாலமன்ராஜ் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, தாடையில் எண்ணெய் வழியக் களி உருண்டையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுப் பிள்ளை இதுதான்” என்றாள் செல்வமணி.

ஆவுடைத்தாய் தட்டைக் கட்டிலில் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“நல்லாத் தின்னுங்க சார். இடுப்பெலும்பு கெட்டிப்படும்.”

வளையலை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

பயிற்சிக்கு எடை வேண்டும். காலண்டரும் டைரியும் அச்சடிக்கும் சிவகாசியில் அதற்குப் பஞ்சமில்லை. போன வருடத்து டைரிகள் எல்லா வீட்டுப் பரணிலும் கிடக்கும். புத்தாண்டு பிறந்ததும் அவற்றுக்குக் கனம் தவிர வேறு மதிப்பு இல்லை. ரீனா சொன்னபடி ஒரு தோள்பையில் டைரிகளை அடுக்கி, அதை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழ வேண்டும், மெதுவாக உட்கார வேண்டும். எட்டு தடவைக்கு மேல் முடியாத அளவுக்குக் கனம். முடிந்தால் அடுத்த முறை இன்னும் இரண்டு டைரி. நடுவில் நன்றாக மூச்சு வாங்க வேண்டும், அவசரம் கூடாது. ஒரு நாள் தூக்கினால் மறுநாள் ஓய்வு.

அந்த ஓய்வு நாட்கள்தான் அவருக்குச் சித்திரவதை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். களவாகப் பஸ்கி போடுகிறாரா என்று செல்வமணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் ஒருமுறை குளியலறையிலிருந்து மூச்சிரைக்கும் சத்தம் கேட்டு, வெளியிலிருந்து கதவைத் தட்டி, உளுந்து வீணாப் போகுது என்றாள். சத்தம் நின்றது.

இத்தனை கொஞ்ச நாளில் சதை பெருக்காது என்று ரீனா முன்பே சொல்லியிருந்தாள். முதலில் வருகிற பலம் நரம்பிலிருந்து வரும். தூங்கிக்கொண்டிருக்கும் தசைநார்களைப் பெயர் சொல்லி எழுப்ப நரம்பு மறுபடி பழகிக்கொள்ளும். அது எந்த வயதிலும் நடக்கும், ஆனால் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு நடக்கிற வேகத்தில் நடக்காது. சாலமன்ராஜ் இதை நம்பவில்லை. ஆனால் ஒருநாள் வடக்கு ரத வீதியில் மினி பஸ் வந்து நின்றபோது, யோசிக்காமல் ஏறிவிட்டார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் கம்பியைப் பிடிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சரிபார்ப்பதற்காக இன்னொரு பஸ்ஸில் ஏறினார்.

குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வளாகத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். இளைஞர்கள் சுற்றுச்சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பனைச் சிலுவை கொட்டகையிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தரையில் கிடந்தது. காகிதச் சிலுவையைப் பிராங்க்ளின் சுவரில் சாத்தி வைத்திருந்தான். சாலமன்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டி, சிலுவைமுன் குனிந்து, நெஞ்சோடு அணைத்தார். உடனே எழவில்லை. மூச்சை இழுத்து நிறுத்தி, பிறகு தொடைகளால் எழுந்தார். சிலுவை இடுப்புக்கு வந்தது. ஒரு உதறலில் தோளுக்குப் போனது. சுவரில் இருந்தவர்கள் கைதட்டத் தொடங்கி, கோயில் வளாகம் என்பதால் நிறுத்திக்கொண்டார்கள்.

முன்பக்கமும் தெற்குப் பக்கமும் நன்றாகத்தான் போனது. பின்பக்கம் பாதி கடந்தபோது அவர் நின்றார். முழங்கால் ஆடவில்லை. ஆட ஆரம்பிக்கப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது. போன வருடம் பாறை ஏற்றத்தில் இதே நிலையில்தான், இன்னும் நாலு அடி என்று தன்னைத் தானே அதட்டி நடந்து, விழுந்தார். இந்தத் தடவை அதட்டவில்லை. சிலுவையை மெல்லத் தரையில் இறக்கிவைத்தார்.

பிராங்க்ளின் முன்னால் வந்தான். அவன் முகத்தில் ஜெயித்தவன் களை இல்லை, அழுதுவிடுவான்போல இருந்தான். சாலமன்ராஜ் மைதானத்தில் பையன்களை நிறுத்துவதுபோலக் கையை உயர்த்தினார்.

“தொடாத மாப்ளே. மூச்சு வாங்கிட்டு நானே தூக்குதேன்.”

அவர் மூச்சு வாங்கினார். துண்டால் முகம் துடைத்தார். தேவாசீர்வாதம் கடிகாரத்தைப் பார்த்தார். ரோட்டில் ஒரு கம்பெனி வேன் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது; இறங்கியவர்களில் சிலர் என்ன நடக்கிறது என்று உள்ளே வந்து நின்றார்கள். இனி முடியாது என்று பெரும்பாலோர் முடிவுகட்டிய பிறகும் அவர் சற்று நேரம் நின்றார். அப்புறம் குனிந்து, அணைத்து, முதல் தடவை தூக்கியதைவிட மெதுவாக, தூக்கினார். மிச்சச் சுற்றை முடித்துக்கொண்டு புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

இப்போது வழக்கு ஆரம்பித்தது. சுற்றி வந்தது உண்மைதான், ஆனால் நடுவில் இறக்கிவைத்துவிட்டாரே என்றார் தேவாசீர்வாதம். பேரவையில் பேசியது அப்படியல்ல என்றார். சிலர் ஆமாம் என்றார்கள். பங்குத்தந்தை தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து செல்வமணி முன்னால் வந்தாள்.

“ஏண்ணே, ஆண்டவரே மூணு தடவை விழுந்தாரு. அதுக்கு மூணு தலம் வச்சு, வெள்ளிக்கு வெள்ளி முழங்கால் போடுதோம். இவுக விழக்கூட இல்ல, எறக்கித்தான வச்சாக?”

பங்குத்தந்தை சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். தேவாசீர்வாதம் யோசித்துப் பார்த்து, அந்தக் கோணத்தில் பேரவை யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். காகிதச் சிலுவை மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் போனது.

புனித வெள்ளிக் காலையில் ஊரே ஒருசந்தியில் இருந்தது. பாட்டுக் குழுவுக்காக, ஏற்றத்தில் எங்கெங்கே நிற்பார் என்று கேட்க ஸ்வீட்டி வந்தாள். சாலமன்ராஜ் முன்கூடத்தில் உட்கார்ந்து களியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்வமணி அவசரமாகக் கதவைச் சாத்தப் போனாள். அவர் வேண்டாமென்று தலையசைத்து, வாயில் இருந்ததை விழுங்கினார்.

“அறுபதுக்கு மேல ஒருசந்தி கெடையாதும்மா. எனக்கு எழுபத்தொன்னு. அன்னைக்கி ஏழாம் தலத்துல நான் செபம் பண்ணல, எந்திரிக்க முடியல. ரெண்டு எடத்துல நிப்பேன். அங்கன ஒரு சரணம் கூடுதலாப் பாடுங்க.”

ஸ்வீட்டி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எந்தச் சரணம் சார் என்று கேட்டாள்.

பங்குனி வெயிலில் பாறை கொதித்தது. ஏற்றத்தில் அவர் சொன்னபடி இரண்டு இடத்தில் நின்றார். சொல்லாத ஒரு இடத்திலும் நின்றார். அங்கே பாட்டுக் குழு பாடியதையே மறுபடி பாடியது. கூட்டம் வெயிலில் பொறுமையாகக் காத்திருந்தது. பன்னிரண்டாம் தலத்தில், பாறையில் தோண்டிய குழியில், சிலுவையின் அடிக்கட்டையை அவரே இறக்கினார்.

சனிக்கிழமை முழுதும் ஊருக்குள் நடமாடினார். பஜாரில் நாலு பேர் நின்று கைகொடுத்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு காலையில் கண் விழித்தபோது அவரால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. தொடை, முதுகு, தோள், இதுவரை இருப்பதே தெரியாத இடங்கள் எல்லாம் கல்லாக இறுகிக் கிடந்தன. ஆண்டவர் எழுந்த மூன்றாம் நாளில் டிரில் வாத்தியார் படுத்துவிட்டார்.

மத்தியானம் ரீனாவும் பிராங்க்ளினும் வந்தார்கள். ரீனா தொட்டுப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, வேலை செய்த சதை வலிக்கத்தான் செய்யும், வாலிபனுக்கு இரண்டு நாளில் போவது உங்களுக்குப் புதன்கிழமை வரை இருக்கும் என்றாள். பிராங்க்ளின் அவரைத் தூக்கி, முதுகுக்குத் தலையணை வைத்து, சாய்த்து உட்காரவைத்தான். அடுத்த வருசமும் பனைமரந்தானா மாமா என்று மெதுவாகக் கேட்டான். தவக்காலத்தில் ஆரம்பித்தால் பத்தாது, கிறிஸ்மஸ் முடிந்த கையோடு டைரியைத் தூக்க ஆரம்பிக்க வேண்டும் என்றார் சாலமன்ராஜ். ரீனாவும் அதைத்தான் சொல்ல வாயெடுத்திருந்தாள்.

அடுப்படியிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கறி. செல்வமணி வழக்கப்படி முதலில் மருமகன் இலைக்குப் போய், நல்ல துண்டுகளாகக் கரண்டியில் அள்ளினாள். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஏ செல்வமணி, மாப்ளை எளவயசு. அவருக்கு எலும்பும் சாறும் போதும். சதைய இங்கன கொண்டா.”

பிராங்க்ளின் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். செல்வமணி கரண்டியோடு நடுவில் நின்று ரீனாவைப் பார்த்தாள். ரீனா, அப்பா சொல்வது சரிதான் என்று தலையசைத்தாள்.